கிடாயை எண்ணிப் பாட்டெழுதியவர்

சினிமாவுக்குப் பாட்டெழுத மதுரையிலிருந்து சென்னைக்குப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் வாய்ப்புக் கிடைக்காமல் திரும்பி வந்தவர்கள். எங்கள் கவிஞர் வாய்ப்புக் கிடைத்துத் திரும்பி வந்தவர். கதாநாயகியின் கண்களைப் பற்றி நாலு வரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். எதற்கு என்று கேட்டால், பார்க்காமல் எப்படி எழுதுவது என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். ஆளின் நோக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். மீன் மாதிரி, மான் மாதிரி என்று எதையாவது எழுதித் தொலைத்திருக்கலாமே அண்ணே என்று ஒருநாள் கேட்டேன். "மீனு மாதிரி இல்லேன்னா?" என்றார்.

அவருக்குப் பெயர் உண்டு. விசிட்டிங் கார்டு கூட உண்டு. ஆனால் செல்லூரில் எல்லோருக்கும் அவர் கவிஞர்தான். டீக்கடையில் பாக்கி எழுதும் சிலேட்டில் கூட ‘கவிஞர்’ என்றுதான் இருக்கும். குள்ளமான உருவம், தொப்பை தெரியும்படி இன் பண்ணிய சட்டை, எந்நேரமும் கையில் ஒரு ஹெல்மெட். அதைத் தலையில் போட்டு நான் பார்த்ததில்லை. மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தாளம் தட்டுவார். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் பாட்டெழுதுவார். அந்தப் பத்திரிகை வழுவழுப்பில் பேனா நிற்காது. அதனால் எழுதியதையே மறுபடி மறுபடி எழுதி, கடைசியில் எது அடித்தது எது திருத்தியது என்று அவருக்கே தெரியாது.

நான் வைத்திருந்தது ஒரு ரிக்கார்டிங் ரூம். ஸ்டுடியோ என்று போர்டு வைத்திருந்தேன். பார்த்தவர்கள் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்தார்கள். சுவரெல்லாம் முட்டை அட்டை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மைக். வாசிப்பதும் பாடுவதும் நானே. ஒரே ஒரு சங்கடம், பக்கத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் எட்டு விசைத்தறிகள். காலையில் ஆரம்பித்தால் சடக் சடக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். சோகப் பாட்டாக இருந்தாலும் தாலாட்டாக இருந்தாலும் பின்னால் அதே தாளம்தான். அதனால் கரண்ட் போனால்தான் எங்களுக்கு ரிக்கார்டிங். ஊரே மின்சாரக்காரனைத் திட்டும் நேரத்தில் நானும் கவிஞரும் மட்டும் சந்தோஷமாக ஓடிவருவோம். தறி நின்றுவிடும், என் பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்கும், அதற்குள் பாடி முடித்தாக வேண்டும். மதுரை வட்டாரத்தில் காதுகுத்து, கல்யாணம், சடங்கு, ஜல்லிக்கட்டு, வார்டு தேர்தல், நினைவஞ்சலி என்று ஒலித்த எத்தனையோ பாட்டுகள் இப்படி மின்வெட்டில் பிறந்தவை.

கவிஞரின் வியாதி ஒன்றுதான். நேரில் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டார். புகழ்வதற்கென்றே கூலிக்கு எழுதும் தொழிலில் இப்படி ஒரு வியாதியோடு ஒருவர் பிழைத்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஒரு காளைக்குப் பாட்டு வேண்டும் என்று வந்தார்கள். கைபடாத காளை, வாடிவாசலை விட்டு வந்தால் மின்னல், திமிலைத் தொட்டவன் இன்னும் பிறக்கவில்லை என்று காளைக்காரர் அடுக்கினார். கவிஞர் கேட்டுக்கொண்டு அடுத்த நாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கே போய்விட்டார். காளையை முன்பக்கம் பின்பக்கம் பார்த்தார். பிறகு ஊரில் நாலு பேரை விசாரித்ததில், ஒரு தடவை ஒரு காலேஜ் பையன் அதன் திமிலை அணைத்து நின்றது தெரிந்துவிட்டது. பாட்டில் ‘பத்து வாடி பாத்தவன் இவன், ஒத்த வாடி விட்டவன் இவன்’ என்று வந்தது. காளைக்காரருக்கு வந்த கோபத்தில் என் கீபோர்டைத் தூக்கிவிட்டார். நான்தான் கெஞ்சி வாங்கி வைத்தேன். ஆனால் நடந்தது வேறு. காளையைப் பிடித்த பையன் அந்தப் பாட்டைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தான். அவன் கூட்டாளிகள் வைத்தார்கள். பிடிபடாத ஒன்பது வாடிக்காகக் காளைக்காரர் ஊர் வைத்தது. இரண்டு பக்கமும் பாடிய ஒரே காளைப் பாட்டு அதுதான்.

வார்டு தேர்தலுக்கு நின்ற ஒருவர் ‘ஏழைகளின் விடிவெள்ளி’ கேட்டார். கவிஞர் அவர் குழாய் போட்டுக் கொடுத்ததாகச் சொன்ன தெருவுக்குப் போய், குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று கைநனைத்துப் பார்த்துவிட்டு வந்தார். ‘மூணாந்தெரு குழாயிலே காலையிலே தண்ணி வரும், நாலாந்தெரு கேட்டிருக்கு, நாளைக்காச்சும் தரவேணும்’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த வேட்பாளர் தோற்றார். பாட்டால்தான் தோற்றோம் என்று அவர் ஆட்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். கவிஞர் அமைதியாக, பாட்டால் தோற்கவில்லை, நாலாந்தெருவால் தோற்றீர்கள் என்றார். இதைச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். ரூமில் அகப்பட்டுக்கொண்டது நான்.

அவருடைய மனைவியே ஒருமுறை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஊரில் உள்ள காளைக்கும் கழுதைக்கும் எழுதுகிறாரே, தன்னைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா என்று கேட்டாராம். இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்றாராம் மனிதர். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாளுக்கு அதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றைக்குச் சாப்பாடு மட்டும் போடவில்லையாம்.

செத்தவர்களையும் விடமாட்டார். தெருவில் எல்லோரோடும் சண்டை போட்டே ஆயுசைக் கழித்த ஒரு பெரியவருக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மகன்கள் ‘தங்க மனசுக்காரர்’ கேட்டார்கள். கவிஞர் தெருவில் வீடு வீடாக விசாரித்தார். அத்தனை பேரும் அந்த மனிதரைத் திட்டினார்கள். ஆனால் அத்தனை பேர் வாசலிலும் சாக்கடையை அள்ளிப் போட்டது அவர்தான், அள்ளிக்கொண்டே திட்டுவார் என்பதும் விசாரணையில் வந்தது. ‘திட்டிக்கிட்டே சாக்கடைய தினமும் அள்ளிப் போட்டீரே’ என்று பாட்டு. மகன்கள் முகம் கறுத்துவிட்டது. அவர்களின் அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, அந்த வரியை மறுபடி போடச் சொன்னார்.

ஆக, கவிஞர் எழுதியது உண்மை என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை, ஊருக்கும் சந்தேகமில்லை. ‘பாட்டுல வந்துட்டா அது ரிக்கார்டு மாப்ள’ என்பார். அந்தக் கர்வத்தில் ஒரு ஆடு வந்து முட்டியது.

சமயநல்லூரில் ஒரு ரோடு காண்ட்ராக்டர் தன் தங்கை மகனின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோனார். பெரிய சீர். தட்டுகள், வாழைத்தார், வாணவேடிக்கை, முன்னால் மூன்று கிடா. அதற்குப் பாட்டு எழுதக் கவிஞர் முதல் நாளே போய்க் கிடாக்களை எண்ணிவிட்டு வந்தார். அதில் ஒன்றுக்கு ஒரு கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது, நெற்றியில் வெள்ளை. அதையும் விடவில்லை.

‘மூணு கிடா முன்ன வருது
மாமன் சீரு பின்ன வருது
நெத்தியிலே வெள்ளை வச்ச
ஒத்தக் கொம்பன் ஓடி வாரான்.’

இந்தப் பாட்டு எப்படிப் பிடித்துக்கொண்டது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மூன்று வாரத்தில் மேலூர்ப் பக்கம், கொட்டாம்பட்டிப் பக்கம், எங்கே காதுகுத்து நடந்தாலும் இதுதான். குழந்தைகள் ஒரு விரலைத் தலையில் கொம்பாக வைத்துக்கொண்டு ஆடின. போனில் வீடியோ வேறு, ஒத்தக்கொம்பன் மாலையும் கழுத்துமாக ஓடி வருவது போல. மதுரை ஜில்லாவில் அன்றைக்கு அதிகம் பேருக்குத் தெரிந்த முகம் எது என்று கேட்டால் அந்த ஆட்டின் முகம்தான்.

இந்த நேரத்தில்தான் தறிக்காரன் வந்தான். சுவருக்கு அந்தப்பக்கம் எட்டுத் தறிகளையும் ஓட்டி என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தவன் அவன்தான். முப்பத்தைந்து வயது, பேச்சே கிடையாது, தறிச்சத்தத்தில் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று சின்ன வயதிலேயே விட்டுவிட்டான் போலிருக்கிறது. அப்பா அம்மா இல்லை. ஒரே தங்கை. கொட்டாம்பட்டியில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தான். கல்யாணப் பந்தியில் இவன் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்த நேரத்தில், மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டிய அதிகாரி ஒருவர் வந்துவிட்டாராம். பெண்ணின் அண்ணன் என்று தெரிந்தே இவனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். கையில் சோற்றோடு எழுந்தவன்தான். அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தான், ஏழு வருஷம் மிதிக்கவில்லை.

இப்போது தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தைக்கு ஐந்து வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தங்கை போன் செய்திருக்கிறாள். அவளுடைய மாமியார், சீரில்லாமல் வந்து நிற்பதாக இருந்தால் வரவே வேண்டாம், மடிக்கு ஒன்றுவிட்ட மாமன் ஒருத்தன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டாளாம். தங்கையும் அழுதுகொண்டே, வந்தால் நாலு பேர் மதிக்கிற மாதிரி வா, என்னால் இனிமேல் பேச்சுக் கேட்க முடியாது என்றாளாம். கோயிலில்தானே விசேஷம், வீட்டு வாசலை மிதிக்கத் தேவையில்லையே என்று தன் சபதத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டுப் புறப்படத் தயாராகிவிட்டான் தறிக்காரன். ஏழு தட்டு வரிசை தேற்றியிருந்தான். கிடாய்க்கும் ஏற்பாடு செய்தாயிற்று, கவிஞர் அந்தக் காண்ட்ராக்டருக்கு எழுதின மாதிரியே ஒரு பாட்டு எழுதித் தர வேண்டும் என்றான்.

கிடாயைக் காட்டு என்றார் கவிஞர்.

வைகைக் கரையோரம் ஒரு தகரக் கொட்டகைக்கு எங்களைக் கூட்டிப் போனான். ஆட்டுக்காரர் கதவைத் திறந்தார். உள்ளே நாலைந்து கிடாய்கள் அகத்திக்கீரை தின்றுகொண்டிருந்தன. நடுவில் நெற்றியில் வெள்ளையோடு, ஒற்றைக் கொம்போடு அது நின்றது. எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி கீரைக்குக் குனிந்தது.

கவிஞர் அதன் முன்னால் போய் நின்றார். நெற்றி வெள்ளையைத் தடவிப் பார்த்தார். "நீ செத்துட்டேல்ல?" என்று அதனிடம் கேட்டார்.

ஆட்டுக்காரர்தான் விளக்கினார், அவருக்கு இதில் ஒளிவுமறைவே இல்லை. சீர்க் கிடாய் வாடகைக்குத்தான் போகும். மாலை போட்டு முன்னால் நடக்கும், போட்டோ எடுப்பார்கள், பந்தலைச் சுற்றிப் பின்பக்கம் நிற்கும் மினிவேனில் ஏறித் திரும்பிவிடும். விருந்துக்குக் கறிக்கடையிலிருந்து கறி தனியாக வரும். ஒத்தக்கொம்பன் சாதுவானது, வெடிச் சத்தத்துக்கு மிரளாது, அதனால் அதற்குத்தான் கிராக்கி. அதன் கொம்பு ஒடிந்ததே ஒரு விசேஷத்தில் மினிவேன் கதவில் இடித்துத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மற்றவை வேறு விசேஷங்களுக்குப் பேசியாயிற்று, ஆள் தெரிந்துவிடும் என்று கவலை இருந்தால் இன்னொரு கொம்பு ஒட்டித் தருவதாகவும் சொன்னார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கவிஞருக்குக் கண் கலங்கிவிட்டது. வரும் வழியெல்லாம், "நான் எண்ணுனேன் மாப்ள, மூணு தடவ எண்ணுனேன்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். தன் வாழ்நாளில் ஒரு பொய் எழுதியதில்லை என்று இருந்தவர், தான் எழுதியதிலேயே அதிகமாகப் பரவிய பாட்டு பொய் என்று தெரிந்ததும் இரண்டு நாள் ஹெல்மெட்டைத் தொடவில்லை. அந்தப் பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடு என்றார். முடியாது என்றேன். ஜில்லா முழுக்கக் குழந்தைகள் ஆடுகின்றன, ஒவ்வொரு குழந்தையாகப் போய்ச் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன். திருத்தம் ஒன்று எழுதிப் பாடினால் என்ன என்று கேட்டார். பத்திரிகையில் போடுவது போல, மேற்படி கிடாய் உயிரோடு இருக்கிறது என்று. எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

இதற்கு நடுவில் தறிக்காரன் தினமும் வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை விசேஷம். நான் கவிஞரிடம் பச்சையாகவே சொன்னேன், மூன்று கிடாய் என்று எழுதிக் கொடுங்கள், ஒரு வரி பொய் எழுதினால் உங்கள் பேனா ஒன்றும் உடைந்துவிடாது, அவன் மானம் போகக்கூடாது என்று. அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். கொட்டாம்பட்டியில் பால் குடிக்கிற பிள்ளைக்குக் கூட ஒத்தக்கொம்பனைத் தெரியும். அதைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால், மாமன் வந்தான் என்பார்களா, சமயநல்லூர்க் கிடாய் வந்தது என்பார்களா?

அப்படி ஆட்டை விட்டாயிற்று. மீதி இருப்பது ஏழு தட்டு. ஏழு தட்டை வைத்துக்கொண்டு என்ன பாட்டு எழுதுவது? கவிஞர் மொபெட்டை எடுத்துக்கொண்டு கொட்டாம்பட்டிக்குப் போனார். பஸ் நிறுத்தத்திலிருந்து கோயில் எவ்வளவு தூரம், சீர் எந்த வழியாகப் போகும் என்று நடந்து பார்ப்பது அவர் வழக்கம். நடந்த களைப்பில் நிறுத்தத்துக்கு எதிரே டீ குடித்திருக்கிறார். செல்லூரிலிருந்து வருவதாகச் சொன்னதும் டீ மாஸ்டர், எங்களுக்கும் செல்லூரில் ஒரு கஸ்டமர் உண்டு என்றிருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ்ஸில் வருவானாம். ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிஸ்கெட் அலமாரிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்காருவானாம். இரண்டு டீ, ஒரு வடை. கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் காய் வாங்கப் போவாள், திரும்பி வருவாள். அவள் போன பிறகு இவன் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவான். நாலு வருஷமாக இதே கதை. ஏதோ கெட்ட எண்ணம் பிடித்தவன் என்று முதலில் ஆள் வைத்துக் கவனித்தார்களாம். கவிஞர் அதோடு விட்டாரா, பக்கத்தில் பூ விற்கும் அம்மாளிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கிளம்பியிருக்கிறார்.

திரும்பி வந்த அன்று மத்தியானம் கரண்ட் போனது. தறி நின்றது. கவிஞர் தறிக்காரனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விஷயம் தெரியும் என்றார்.

நான் அந்த மனிதனை அப்படிப் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் செத்துவிட்டது. வாசல் மிதிக்க மாட்டேன் என்று ஏழு வருஷம் விறைப்பாக நின்றவன், டீக்கடைக் கண்ணாடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்தால் அந்த வீட்டில் என்ன பேசுவார்கள்? "அண்ணே, மூணு கிடா வேணாம், முப்பது கிடான்னுகூட எழுதிக்கங்க. கொம்பு ஒட்டுன கிடான்னு எழுதிக்கங்க. இத எழுதாதீகண்ணே" என்றான். கவிஞரின் காலைத் தொடப் போனான். கவிஞர் காலை இழுத்துக்கொண்டார். மடியில் கவிழ்த்த ஹெல்மெட்டில் மெல்லத் தாளம் தட்ட ஆரம்பித்தார். கரண்ட் வந்தது, அவன் தறிக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை மின்வெட்டில் ரிக்கார்டிங். பத்திரிகையின் பின்பக்கத்தைக் கொடுத்தார். படித்துப் பார்த்துவிட்டு, அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். "நான் எங்க வாக்குக் குடுத்தேன்? எழுதாதன்னு அவன் சொன்னான். கேட்டுக்கிட்டேன்" என்றார். பாட மறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது, பாடிவிட்டேன். தறிக்காரனிடம் நானும் சொல்லவில்லை. அவருக்கு உண்மை என்று ஒரு சாக்கு இருந்தது. எனக்கு அதுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டாம்பட்டியைத் தாண்டி வயல்களுக்கு நடுவில் அவர்களுடைய குலதெய்வக் கோயில். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குழந்தை பந்தலில் உட்கார்ந்திருந்தது. ஒன்றுவிட்ட மாமன் புது வேட்டியில் பக்கத்திலேயே தயாராக நின்றான். செல்லூரில் மற்றத் தறிகளில் வேலை பார்க்கும் ஏழு பேரின் மனைவிமார் ஆளுக்கு ஒரு தட்டு ஏந்தி வந்தார்கள். முன்னால் அவன். கிடாய் இல்லை, மேளம் இல்லை. மாமியார் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, அவன் தலைக்கு மேலாகப் பின்னால் வேறு ஏதாவது வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். தங்கை தலை குனிந்திருந்தாள். நான் மைக்செட்காரரிடம் பென்டிரைவைக் கொடுத்திருந்தேன். ஸ்பீக்கரில் என் குரல்தான் வந்தது.

‘கிடா ஒண்ணும் கொண்டு வரலே
கொட்டு மேளம் கூட்டி வரலே
ஏழு தட்டு எண்ணிப் பாத்தேன்
எட்டாந்தட்டு அவன்ட்ட இல்லே.’

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. தறிக்காரன் அப்படியே நின்றுவிட்டான்.

‘மாசம் மொத ஞாயித்துக்கெழம
மதுர பஸ்ஸு ஏறி வந்தான்
ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு
கண்ணாடியில தங்கையப் பாத்தான்.
ரெண்டு டீயும் குடிச்சு முடிச்சான்
வீட்டுப் பக்கம் போகவே இல்லே
நாலு வருசம் வந்து போனான்
நாளு ஒண்ணும் தவறவும் இல்லே.’

சிரிப்பு நின்றுவிட்டது. தறிக்காரன் திரும்பினான். எங்கள் இருவரையும் தேடிப் பார்த்த அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பிறகு தட்டேந்தி நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற கவிஞரைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன், கோயில் என்றுகூடப் பார்க்கவில்லை.

தங்கை மொட்டைத் தலைப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். பத்தடியில் அவனைப் பிடித்துவிட்டாள். சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஒன் முதுகு எனக்குத் தெரியாதாண்ணே?" என்றாள். "மொத மாசமே தெரியும். தக்காளி வாங்கப் போறதுக்கு எதுக்குடி பிள்ளைக்கு விசேஷத்துக் கவுனுன்னு எங்கத்தை நாலு வருசமா ஏசுது. ஒனக்குக் காட்டத்தான்ணே போட்டுக் கூட்டிட்டு வந்தேன்."

மாமியார் பிடித்திருந்த பந்தல் காலை விட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றுவிட்ட மாமன் தன் வேட்டியைச் சரி செய்துகொண்டு, குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று யாரிடமோ கேட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான். தறிக்காரன் தலையைத் திருப்பாமல் ரோட்டைப் பார்த்தபடியே நின்றான். அவன் தோள் மட்டும் குலுங்கியது. கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லாம் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள், நானும்தான்.

அந்த நேரத்தில் கவிஞர் என் பக்கத்திலிருந்து நழுவி அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். பாட்டில் பாதிதான் இருக்கிறது, மீதியை எழுத வேண்டும் என்றார். அவரை அடித்தால் கூட யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

"என்ன கலர் கவுனும்மா?" என்று தங்கையிடம் கேட்டார்.

அவள் அழுதுகொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பதில் தறிக்காரனிடமிருந்து வந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மொதல்ல மஞ்சள். அது ஏழு மாசம். பொறகு பூப்போட்ட நீலம், அதுல ஒரு பட்டன் இல்ல. தீவாளிக்கு அப்புறம் ரோஸு. போன மாசம் பச்ச."

கவிஞர் எழுதிக்கொண்டார். அதை மட்டும் அவர் வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை.